யாரும் கேட்காத அக்கா: பட்டர்வொர்த் குடும்பம் ஒன்றின் சிறுநீரகத் தேடல்

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் 1978இல் பிறந்தவர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் வீடு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் கடந்து போய்வருவார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. உடன்பிறந்தவர்கள் மூன்று பேர்: சுங்கைப் பட்டாணியில் கட்டிக்கொடுத்த மூத்த அக்கா, பிறையில் இருக்கும் அண்ணன், இன்னும் மணமாகாத இளையவர் ஒருவர்.

நான் செபராங் பிறையில் ஒரு டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) மையத்தில் மூத்த தாதி. 2020 அக்டோபரில்தான் அவர் எங்கள் மையத்துக்கு வந்தார். அதற்கு முந்திய விவரங்களை அவருடைய பழைய கிளினிக் அட்டைகளிலிருந்தும் அவர் மனைவி சொன்னதிலிருந்தும் எடுத்தேன். குடும்பத்தார் வாசித்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2018 முதல் 2020 வரை: நழுவிப்போன காலம்

40 வயதாகும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தாதாரர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. 2013இல் தொடங்கிய திட்டம் அது. அவருக்கும் 2018இல் வாய்ப்பு வந்தது, போய் எடுத்துக்கொண்டார். இரத்த அழுத்தம் 172/104. சிறுநீரில் புரதம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் லிட்டருக்கு 168 மைக்ரோமோல். இதை வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் வரும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண், 43. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று அர்த்தம். அரசாங்க கிளினிக்கில் அழுத்த மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டார். பிறகு விட்டுவிட்டார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே மிஸ்ஸி. நல்லாத்தானே வேலை செஞ்சுக்கிட்டு இருந்தேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. இந்த நோய் முக்கால்வாசி தின்று முடிக்கும்வரை வலிக்காது. வலித்தது அவருக்கு முதுகுதான். நின்றே பார்க்கும் வேலை. வாரத்தில் மூன்று நான்கு நாள் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அழுத்தம் கட்டுப்படாத, ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை அந்த வகை மாத்திரை மேலும் கெடுக்கும். சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று கடைக்காரரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கூலிமில் இருக்கும் அத்தை பூனைமீசைச் செடி கொண்டுவந்து கொடுக்க, அந்தக் கஷாயமும் ஓடியது. சிறுநீர் தாராளமாகப் போகிறது, சரியாகிவிட்டது என்று வீட்டில் நம்பினார்கள்.

2019 நவம்பரில் காய்ச்சலுக்காகப் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் 245, இஜிஎஃப்ஆர் 27. நிபுணரிடம் 2020 ஏப்ரலில் தேதி கிடைத்தது. மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து தேதி தள்ளிப்போனது. புதுத் தேதி கேட்டு இவர் கூப்பிடவேயில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது அந்த 2019 நவம்பர்தான். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இறங்கும் நேரம்தான் குடும்பத்தை உட்காரவைத்துப் பேச வேண்டிய நேரம். டயாலிசிஸ் ஊசியே படாமல், நேராக மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ள வழி இருக்கும் நேரம். ‘மாற்று’ என்ற சொல்லை அவர் காதில் அன்று யாரும் போடவில்லை.

2020 செப்டம்பர்: அவசரச் சேர்க்கை

மூன்று இரவு அவர் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நாலாம் நாள் காலை பசியாறும்போது வாந்தி எடுத்தவரை மனைவி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். கிரியேட்டினின் 1,340. பொட்டாசியம் 6.9, இருதயம் எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய அளவு. ஹீமோகுளோபின் 5.9. கழுத்தில் குழாய் போட்டு அன்றே டயாலிசிஸ் செய்தார்கள். இரண்டு பை இரத்தமும் ஏற்றினார்கள்.

அந்த இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர் போகும் நிலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்தவர் இரத்தம் ஏறும்போது அந்நியத் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகலாம். பின்னால் ஒருவர் சிறுநீரகம் கொடுக்க வரும்போது அதுவே குறுக்கே நிற்கும். முன்கூட்டியே இரத்தச் சோகைக்கு ஊசி போட்டு வந்தவர்களுக்கு இந்த நெருக்கடி பெரும்பாலும் வருவதில்லை.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் எட்டு சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தன. அந்த நிலையில் சதை எடுத்துப் பார்த்தும் பயனில்லை. எதனால் வந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. நம் நாட்டில் டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவுக்காரர்கள், ஆனால் இவருக்குச் சர்க்கரை கிடையாது.

டயாலிசிஸ் வாழ்க்கை

திங்கள், புதன், வெள்ளி, தலா நாலு மணி நேரம். செலவின் பெரும்பகுதியைச் சொக்சோ ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா செய்தார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்தார்கள். அது பழுத்து ஊசி ஏற்கத் தயாராக இரண்டு மாதம் ஆனது. தொழிற்சாலை அவரைப் பகல் வேலைக்கு மாற்றியது. ஷிப்ட் அலவன்ஸ் போனதில் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

தண்ணீர்தான் அவருக்குப் பெரிய போராட்டம். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று கட்டுப்பாடு. மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் 500 மில்லி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைப்பார். அவர் ஒரு டம்ளர் தே குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றுவார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் அதற்கும் கழிப்பார். இரவு எட்டு மணிக்குப் பாட்டிலில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான் மாத்திரைக்கு. நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை அந்தப் பாட்டில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. இப்போது புதிதாக வரும் எல்லாக் குடும்பத்துக்கும் அதையே சொல்கிறேன்.

இளநீர், டுரியான், வாழைப்பழம் எல்லாம் பொட்டாசியத்துக்காக நின்றன. நட்சத்திரப் பழம் மட்டும் தனி. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. ஓயாத விக்கலில் தொடங்கி நினைவு தப்பி உயிரே போகலாம். பின்வாசலில் அந்த மரம் நிற்கும் வீடுகள் நம்மிடையே நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2021 தொடக்கத்தில் அவருக்கு 42 வயது. இருதயம் நன்றாக இருந்தது. சிறுநீரகக் கொடை பற்றிப் பேச்செடுத்தேன். அப்போது மலேசியாவில் 50,000 பேரளவில் டயாலிசிஸில் இருந்தார்கள், ஏறத்தாழ 10,000 பேர் மாற்றுறுப்புக்குப் பதிந்து காத்திருந்தார்கள், இறந்தோரிடமிருந்து கிடைத்ததோ மிகச் சொற்பம். உயிரோடு இருப்பவர் கொடுக்கும் சிறுநீரகம் பொதுவாகக் கூடுதல் காலம் உழைக்கும், அறுவைக்கும் நாள் பார்த்துத் தயாராகலாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “எப்படி மிஸ்ஸி வாயைத் திறந்து கேக்குறது? கடனா கேக்குறேன், திருப்பிக் கொடுக்க?” என்றார். கேட்காமல் இருக்க அது போதுமான காரணம் என்று அவர் நினைத்தார். நானும் அந்த நேரத்தில் சரியான பதில் வைத்திருக்கவில்லை.

குடும்பக் கூட்டம்

அதே ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரையும் கூட்டினார்கள். விளக்கம் சொல்ல என்னை அழைத்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் சித்தப்பா. நோயாளி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசி முடித்ததும் சித்தப்பா நேராகவே கேட்டார்: “சரி, யாரு கொடுக்குறீங்க?” யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. மணமாகாத இளையவர் சுவரோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரை அணைந்திருந்தது. “இவங்களுக்குத்தான் குடும்பம் குட்டி இல்லை” என்று யாரோ சொன்னார்கள். இளையவர் தலையசைத்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

மூத்த அக்காவுக்கு அன்று அழைப்பே இல்லை. ஏன் என்று நான் கேட்டபோது அம்மா சொன்ன பதில்: “கட்டிக்கொடுத்த பொண்ணும்மா. அவளைக் கேட்டா அந்த வீட்டையும் கேக்கணும். வேணாம்.” நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று நான் செய்தது தவறு. நோயாளியை நடுவில் உட்காரவைத்துக் கேட்டால், ‘இல்லை’ என்று சொல்ல எந்த மனிதருக்கும் வாய் வராது. அந்தக் கூடத்தில் கிடைத்த எந்த ‘சரி’யையும் சம்மதமாக எண்ணியிருக்கக் கூடாது.

சென்னை யோசனை

அதே கூட்டத்தில் சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். தெரிந்த ஆள் வழியாகச் சென்னையில் ‘ஏற்பாடு’ செய்யலாம், வீட்டை அடகு வைத்தால் போதும், ஒரு மாதத்தில் வேலை முடியும். நோயாளி இரண்டு வாரம் இதைத் தீவிரமாக யோசித்தார். இளையவர் தப்பித்துக்கொள்வார் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அவரோடும் மனைவியோடும் தனியாக உட்கார்ந்து பேசினேன். இந்தியாவில் உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நெருங்கிய உறவு இல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க அங்கே இடமில்லை. ஆகவே தரகர் சொல்லும் எந்த ஏற்பாடும் பொய்க் காகிதத்தில்தான் நிற்கும். நோய்த்தொற்றோடு திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

மாறியது, விற்றவர்களைப் பற்றிச் சொன்னபோதுதான். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் நேரில் கண்டு ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கையில் வந்தது சராசரியாக ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டிய தொகை. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்த கதையையும் சொன்னேன். மனைவி கேட்டார்: “அவங்களும் நம்ம மாதிரி தமிழ் பேசுறவங்கதானே மிஸ்ஸி?” அதற்குப் பிறகு அந்த வீட்டில் சென்னைப் பேச்சு எழவில்லை. வீடும் அடகுக்குப் போகவில்லை.

பரிசோதனைகள், ஒவ்வொருவராக

மாற்றுச் சிகிச்சை நடப்பது கோலாலம்பூரில். அங்குள்ள ஒரு மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் போனது. பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரம்.

நோயாளி ஓ பிரிவு இரத்தம். ஓ பிரிவினர் எல்லாருக்கும் கொடுக்கலாம், ஓ பிரிவினரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். மனைவி ஏ பிரிவு. பிரிவு மாறினாலும் எதிர்ப்பொருளைக் களைந்துவிட்டுப் பொருத்தும் முறை இருக்கிறது, ஆனால் இவருக்கு அதன் அளவு மிக அதிகம் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனைவி அன்று இரவு நெடுநேரம் அழுததாக மாமியார் சொன்னார். அம்மாவுக்கு 66 வயது, அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, முதல் படியிலேயே நின்றது.

அண்ணன் ஓ பிரிவு, மனதார முன்வந்தவர். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 12.4. நீரிழிவு. அவருக்கே தெரியாது. தம்பிக்குக் கொடுக்கப் போய்த் தன் நோயைக் கண்டுகொண்டார். அவர் இன்றைக்கு மருந்திலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் நன்றாக இருக்கிறார். இந்தப் பரிசோதனையின் பலனாக நான் இதையும் கணக்கில் வைக்கிறேன்.

இளையவரைப் பற்றி மையம் சொன்னது ஒரே சொல்: ‘பொருந்தவில்லை’. கொடையாளரைத் தனியாக, நோயாளியின் மருத்துவர் அல்லாத வேறொரு குழு பார்க்கும். உள்ளே பேசியது வெளியே வராது. காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன். சித்தப்பா இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். மையம் சொன்ன அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன். அடுத்த மாதம் இளையவர் அண்ணனைப் பார்க்க டயாலிசிஸ் மையத்துக்கே வந்தார். கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் சிரித்துப் பேசியதை அன்றுதான் கண்டேன்.

இப்படியே 2022 ஏப்ரல் ஆகிவிட்டது.

கேட்பதை விட்டுச் சொல்வது

இந்த இடத்தில்தான் வழியை மாற்றினோம். “யார்கிட்டயும் கேக்காதீங்க. உங்களுக்கு என்ன நடந்துச்சு, ஒரு வாரம் எப்படிப் போகுது, அதை மட்டும் சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க” என்றேன். கேட்பது என்றால் ஒருவரைச் சுட்டிக் கேட்பது, அவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். சொல்வதில் அந்தக் கட்டாயம் இல்லை. கொடுக்க மனமுள்ளவர் தானாக வரலாம், இல்லாதவர் பேசாமல் இருக்கலாம், யாருக்கும் முகம் கறுக்காது.

அவர் எழுத்தில் கூச்சப்படுபவர். ஆகவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. நாற்காலியில் ஊசி ஏறியிருக்கும்போதே பேசினார். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொன்னார், பிள்ளையின் விளையாட்டுப் போட்டிகள் வெள்ளிக்கிழமை என்பதால் ஒரு போட்டிக்கும் போக முடியாததைச் சொன்னார், ஓ பிரிவு என்பதைச் சொன்னார், விவரம் வேண்டுவோர் என்னை அழைக்கலாம் என்று என் எண்ணைச் சொன்னார். “கொடுங்க” என்று ஓரிடத்திலும் வரவில்லை. உறவினர் குழுவில் போட்டார். அக்காவும் அந்தக் குழுவில் இருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சுங்கைப் பட்டாணியிலிருந்து அழைப்பு. “மிஸ்ஸி, நான் அவனுக்கு மூத்தவ. என் இரத்தமும் ஓதான், மூணு பிரசவத்துலயும் எழுதியிருக்காங்க. எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே?”

அக்கா

வயது 46. வீட்டிலேயே தையல் வேலை. ஐந்தாறு முறை கோலாலம்பூர் போய்வந்தார். கிரியேட்டினின் 58, அழுத்தம் சரி, சர்க்கரை சரி, சி.டி. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சரி. உடன்பிறந்த இருவருக்குள் திசுப் பொருத்தம் முழுதாக அமைவது நாலில் ஒரு வாய்ப்பு, பாதியாக அமைவது நாலில் இரண்டு. இவர்களுக்குப் பாதி. குறுக்குப் பொருத்தச் சோதனையில் தம்பியின் இரத்தம் அக்காவின் அணுக்களைத் தாக்கவில்லை. ஏற்றிய இரண்டு பை இரத்தத்தை எண்ணி நான் பயந்திருந்தேன், அந்தப் பயம் தீர்ந்தது.

ஒரு தடங்கல் நேர்ந்தது. மனநல மதிப்பீட்டில் பேசியவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா மலாய் பேசுவார், ஆனால் “கடையில பேசுற மலாய்ல மனசுல உள்ளதைச் சொல்ல முடியலை” என்றார். மொழிபெயர்க்கக் கூட உட்காரவைத்தது யாரை? தம்பியின் மனைவியை. சிறுநீரகம் யாருக்கு வேண்டுமோ அவர் மனைவியை. அந்த மனைவி ஒரு குறையும் செய்திருக்க மாட்டார், ஆனால் அவர் எதிரில் அக்கா ‘பயமாக இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வார்? தெரியவந்ததும் நான் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். குடும்பத்தோடு தொடர்பில்லாத தமிழ்த் தாதி ஒருவரை வைத்து மறுபடி பேசினார்கள். இரண்டாவது பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது.

அக்காவின் வீட்டில் மாமியாருக்குத்தான் தயக்கம் அதிகம். நான் ஒரு சனிக்கிழமை போனேன். கேள்விகளை அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார், எல்லாமே நியாயமான கேள்விகள். அறுவையில் உயிருக்கு ஆபத்தா? பத்தாயிரம் கொடையாளரில் மூன்று பேர் அளவில் இறப்பு பதிவாகியிருக்கிறது, மறைக்கவில்லை. மிச்சமிருக்கும் ஒன்று தாங்குமா? அது பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கைச் செய்யும். பிற்காலத்தில் இவளுக்கே டயாலிசிஸ் வந்தால்? நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் கொடுக்காமல் இருந்திருந்தால் உள்ளதைவிடக் கூடுதல்தான். கடைசிக் கேள்வியை அக்காவே கேட்டார்: “நாளைக்கு என் பிள்ளைக்கு வேணும்னா?” இதற்கு என்னிடம் எண் இல்லை. பிள்ளைகளின் அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் கேள்வி முழுதாகப் போகாது, அதோடுதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். நான் இடையில் கூப்பிடவில்லை.

பதில் வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தீபாவளித் தையல் முடியட்டும். அவருடைய ஆண்டு வருமானத்தில் பாதி அந்த மூன்று மாதத்தில் வருவது. 2022இல் தீபாவளி அக்டோபர் 24. பிறகு தைப்பூசம் 2023 பிப்ரவரி 5, தண்ணீர்மலைக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். அதுவும் முடியட்டும் என்று மார்ச் மாதம் குறித்தோம். அறுவைக்குப் பின் ஆறு வாரம் தைக்க முடியாத இழப்பையும் ரயில் செலவையும் தம்பி ஏற்றுக்கொண்டார். கொடையாளர் கைப்பணம் இழக்காமல் பார்ப்பது உறுப்புக்கு விலை கொடுப்பதாகாது. அதற்கு மேல் ஒரு சங்கிலி போட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். அக்காவே மறுத்துவிட்டார்.

அறுவை

அக்காவின் இடது சிறுநீரகத்தைத் துளைவழியாக எடுத்தார்கள். இடப்பக்கத்துக்குச் சிரை நீளம் என்பதால் பெரும்பாலும் அதையே எடுப்பார்கள். தம்பிக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்தார்கள். பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கும். இதைக் கேட்டு உறவினர்களில் பாதிப் பேர் வியந்தார்கள்.

அன்று மாலை மனைவி என்னை அழைத்தார். இரண்டரை ஆண்டாக வறண்டு கிடந்தவரின் படுக்கையோரம் தொங்கிய பையில் மஞ்சளாக இறங்கியிருக்கிறது. “மிஸ்ஸி, பை நிறைஞ்சிருச்சு. மாத்திட்டாங்க, மறுபடியும் நிறையுது.” என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் நான் கோலாலம்பூர் போனேன். தம்பியின் படுக்கையைச் சுற்றி ஊரே நின்றது. அக்காவின் வார்டில் அவர் கணவர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். வலி இருந்தவர் அக்கா. தம்பிக்கு உடம்பு தெளிந்துகொண்டு வந்தது, அக்காவோ நல்ல உடம்போடு உள்ளே போய் நோயாளியாகி வெளியே வந்தவர். நான் கீழே போய் அம்மாவையும் அண்ணனையும் மேலே அனுப்பினேன். ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனார்.

பிறகு

தம்பி இரண்டு மாதம் கோலாலம்பூர் செந்தூலில் உறவினர் வீட்டில் தங்கி வாரம் இருமுறை சோதனைக்குப் போனார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும். காலை எட்டு, இரவு எட்டு, தவறவே கூடாது. கிரியேட்டினின் 118இல் நிலைத்தது. 2023 செப்டம்பரில் வேலைக்குத் திரும்பினார்.

2024 சீனப் புத்தாண்டின்போது பக்கத்து வீட்டார் தம்புன் பொமேலோ இரண்டு கொடுத்தார்கள். டயாலிசிஸ் முடிந்துவிட்டதே, இனி பழம் சாப்பிடலாம் என்று மூன்று நாள் சாப்பிட்டார். கை நடுங்கத் தொடங்கியது. டாக்ரோலிமஸ் அளவு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், கிரியேட்டினின் 151. பொமேலோ அந்த மருந்து உடைவதைத் தடுக்கும். மாத்திரையைக் குறைத்து, பத்து நாளில் சரிசெய்தார்கள். வீட்டுக்குப் போகும்போது கொடுத்த கையேட்டில் கிரேப்ஃப்ரூட் என்பதற்கு ‘திராட்சைப்பழ வகை’ என்று ஏதோ எழுதியிருந்தது. பொமேலோ என்று எழுதியிருந்தால் நம் ஊரில் யாருக்கும் புரிந்திருக்கும்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் மையத்துக்கு வரும் புதியவர்களின் குடும்பத்தை முதல் மாதமே அழைக்கிறோம், கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்த்து. யார் கொடுப்பது என்ற கேள்வியை அங்கே எழுப்ப விடுவதில்லை. நோயாளி இல்லாத நேரத்தில், தனித்தனியாக, என்னிடமோ கோலாலம்பூர் ஒருங்கிணைப்பாளரிடமோ பேசலாம் என்று மட்டும் சொல்கிறோம். அருகிலுள்ள கிளினிக்குகளில் தெரிந்த தாதிகளிடம், இஜிஎஃப்ஆர் 30க்கு வந்தவரை டயாலிசிஸுக்கு முன்பே எங்களிடம் பேச அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நாலு பேர் வந்தார்கள். தமிழ் மட்டும் வசதியாகப் பேசும் கொடையாளர் போனால், மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தவராக இருக்கக் கூடாது என்று பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். அறுவை முடிந்து வருபவர்களுக்கான பழப் பட்டியலைத் தமிழில், படத்தோடு ஒட்டியிருக்கிறோம், பொமேலோ முதலில்.

கொடையாளரைப் பின்தொடர்வதில்தான் நாங்கள் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். அக்காவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தமும் இரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், ஆயுள் முழுக்க. 2024இல் கிரியேட்டினின் 92, ஒரு சிறுநீரகத்துக்கு நல்ல அளவு. 2025இல் தேதி கடந்து ஏழு வாரமாகியும் அவர் போகவில்லை என்று தற்செயலாகத்தான் தெரிந்தது. அழைத்துக் கேட்டேன். தையல் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே சொன்னார்: “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே மிஸ்ஸி. நல்லாத்தானே வேலை செய்யுறேன்.”

அவர் தம்பியிடம் சொன்னேன். மறுநாளே அவர் சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் தேதி வாங்கிவிட்டார். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு. லீவு போட்டுக்கொண்டு அவரே அக்காவைக் கூட்டிப் போகிறார்.